கட்டைவிரல் திரையில் 42 எழுத்துகள்: ஹார்டுவேர் வாலெட்டோடு நாலரை ஆண்டுகள்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மைத்துனன் அழைத்தான். "மாமா, வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே கிடக்கிற பிட்காயினை எடுத்து நானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் அதே ஹார்டுவேர் வாலெட்டை வாங்கட்டுமா?" அவன் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. முதல் நாள் இரவுதான் புதுக் கருவியில், பழையது போனாலும் கணக்கைத் திரும்பக் கொண்டுவரும் 24 மீட்புச் சொற்களையும் எழுத்து எழுத்தாக ஏற்றி முடித்துக் கண் எரியப் படுத்திருந்தேன். பழைய கருவியின் இடது பட்டன் அழுந்தாமல் போய் நான்கு நாட்கள் ஆகியிருந்தன. "வாங்காதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கிரிப்டோவைச் செலவழிக்கும் ரகசியச் சாவியைத் தனக்குள் பூட்டி வைத்து, அனுப்பும்போது அதனால் கையொப்பமிட்டு ஒப்புதல் தரும் சின்னக் கருவிதான் ஹார்டுவேர் வாலெட். என்னுடையது 2021 மே மாதம் வாங்கியது. பென் டிரைவ் போன்ற உருவம், இரண்டு பட்டன்கள், கணினியோடு இணைக்க ஒரு வயர். காசு அதற்குள் இல்லை, சாவிதான் இருக்கிறது என்பதெல்லாம் இந்த விஷயத்தைத் தேடிப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். முதல் ஒன்றரை ஆண்டு பாதியை எக்ஸ்சேஞ்சிலும் பாதியை இதிலுமாக வைத்திருந்தேன். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் சில நாட்களில் சரிந்து, வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 800 கோடி டாலரைக் காணவில்லை என்று தெரியவந்தபோது மீதியையும் இதற்கு மாற்றினேன்.

அன்று முதல் இன்று வரை என்னை விடாமல் எரிச்சல்படுத்துவது அதன் திரை ஒன்றுதான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். வங்கிக் கணக்கு எண் போல, பிட்காயினைப் பெறுவதற்கு ஒரு முகவரி உண்டு. நான் பயன்படுத்தும் வகைக்கு 42 எழுத்துகள். அத்தனையும் ஒரே பார்வையில் அந்தத் திரையில் அடங்காது. மூன்று பக்கமாக உடைத்துக் காட்டும். வலது பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம், இடது பட்டனை அழுத்தினால் முந்தைய பக்கம். கொஞ்சம் தாமதித்தால் திரை அணைந்து, ரகசிய ‘பின்’ எண்ணை மறுபடி கேட்கும். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டவர்கள் அதைப் படிக்கும் பாட்டை வடிவமைத்தவர் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பணம் அனுப்பும்போது நான் கருவியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பேன். மனைவி மொபைலில் திறந்துவைத்த முகவரியோடு ஒப்பிட்டுச் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வருவாள். இந்த வகை முகவரியில் ஒன்று என்ற எண் தொடக்கத்தில் ஒரு முறைதான் வரும். அதற்குப் பிறகு அந்த எண் வராது. பி, ஐ, ஓ என்ற எழுத்துகளும் அதற்குப் பிறகு வரவே வராது. கண் ஏமாறும் எழுத்துகள் என்று பார்த்து நீக்கியிருக்கிறார்கள். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் கணக்கும் முகவரிக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை அந்தத் துக்கடாத் திரையில் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்களே என்று எத்தனையோ முறை ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொஞ்சம் விற்க வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சின் பக்கத்தைக் கணினியில் திறந்து, பணம் பெறும் முகவரியை நகலெடுத்து, வாலெட் செயலியில் ஒட்டினேன். கருவியில் முகவரி வந்தது. மனைவி அதே கணக்கை மொபைலில் திறந்து வைத்திருந்தாள். முதல் நான்கு எழுத்துகள் சரி. அவை இந்த வகை முகவரி எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், அதில் நிம்மதி கொள்ள எதுவும் இல்லை. ஐந்தாவது எழுத்து. "ஏழு" என்றேன். "இல்லை, டபிள்யூ" என்றாள். நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். ஏழுதான். ஆறாவது எழுத்தும் வேறு. ஏழாவதும் வேறு. முகவரியை அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்து ஒட்டினேன். மறுபடியும் அதே ஏழு.

மகன் ஏதோ விளையாட்டின் இலவசப் பதிப்பை அந்தக் கணினியில் இறக்கியிருந்தான். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நிரல், கிரிப்டோ முகவரி எதையாவது நகலெடுத்தால் போதும், ஒட்டும் நேரத்தில் திருடனின் முகவரியை வைத்துவிடும். திருடனுடையதும் முறையான முகவரிதான் என்பதால் பிழை காட்டும் கணக்கு அங்கே வாயே திறக்காது. கணினித் திரையில் தெரிந்த முகவரியை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. இந்தக் கருவி மட்டும்தான் எதில் கையொப்பமிடப் போகிறதோ அதை அப்படியே காட்டியது. அன்று இரவு மனைவி அதைத் துணியால் துடைத்து, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வருடக் கட்டணம் தப்பியது.

அதன் பிறகு ஓரத்தில் தெரியும் நாலைந்து எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புபவர்களைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கும். 2024 மே மாதம் ஒருவர் 1,155 பிட்காயினுக்கு ஈடான டோக்கன்களை, ஏறக்குறைய 7 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். முதலிலும் கடைசியிலும் அவர் அனுப்ப நினைத்த முகவரியைப் போலவே இருக்கும் ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒரு சிறு பரிவர்த்தனையைச் செய்து அவருடைய வரலாற்றுப் பட்டியலில் நுழைத்துவைத்திருந்தார்கள். அடுத்த முறை அவர் பட்டியலிலிருந்து நகலெடுத்தார், அவ்வளவுதான். பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது. நம் போன்றவர்களுக்கு அப்படித் திரும்பி வரும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

கருவி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் கதையைப் படிக்க வேண்டும். 2024 ஜூலை 18 அன்று சுமார் 23.5 கோடி டாலர் போனது. ஆறு சாவிகள் கொண்ட வாலெட் அது. ஐந்து அவர்கள் கையில், ஒன்று பாதுகாப்புச் சேவை தந்த லிமினல் நிறுவனத்தின் கையில். தங்கள் ஆட்கள் ஹார்டுவேர் வாலெட்டை வைத்தே கையொப்பமிட்டார்கள் என்று வாசிர்எக்ஸே அறிவித்தது. கணினித் திரையில் தெரிந்தது ஒன்று, கையொப்பமானது வேறொன்று. ஓட்டை யார் பக்கம் என்பதில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. வட கொரியாவின் கைவரிசை என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து பின்னர் அறிவித்தன. எக்ஸ்சேஞ்ச் மறுபடி இயங்க வாடிக்கையாளர்கள் 2025 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். கிரிப்டோ ஒரு சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் அதைப் பொறுப்பாக வைத்திருக்க முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே மாதம் அந்த எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கில் சொன்னது. அதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனதும் ஏறக்குறைய இதே வழியில்தான். கையொப்பமிட்டவர்கள் கண்ட பக்கம் பழுதில்லாமல் தெரிந்தது. உள்ளே போன கட்டளை வேறு.

இங்கேதான் என் பழைய எரிச்சல் கோபமாக மாறுகிறது. பிட்காயினை ஒரு முகவரிக்கு அனுப்பும்போது இந்தக் கருவி எழுத்து எழுத்தாகக் காட்டுகிறது, நல்லது. எதீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவில், தானாக இயங்கும் நிரலான ‘ஒப்பந்தம்’ கொஞ்சம் சிக்கலானது என்றால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளச் சரத்தை மட்டும் காட்டிவிட்டு "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறது. அதை மனிதன் எப்படிப் படிப்பான்? படிக்க முடியாததில் கையெழுத்துப் போடச் சொல்லும் கருவியைப் பாதுகாப்புக் கருவி என்று விற்பது எந்த வகையில் நியாயம்? படிக்கும்படி காட்டும் வசதி இப்போது மெல்ல வருகிறது. என் கருவியில் அது பாதிக்குப் பாதிதான். அமைப்பில் அந்த வகைக் கையொப்பத்தையே அணைத்து வைத்துவிட்டேன். நாலரை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை.

மீட்புச் சொற்களை முதலில் கருவியோடு வந்த அட்டையில் மைப் பேனாவால் எழுதி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபின் அட்டையை எடுத்தால் மூன்று சொற்களின் பின்பாதி நீலக் கறையாகியிருந்தது. அந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. முன்பாதி தெரிந்ததால் பிழைத்தேன்.

அதன் பிறகுதான் எவர்சில்வர் தகட்டுக்கு மாறினேன். பாத்திரக் கடையில் குடத்திலும் தூக்குச்சட்டியிலும் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த மாதிரிச் சின்ன மெஷின் ஒன்றை வாங்கினேன். கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்ல முடியாது, அவர் படித்துவிட்டால் எல்லாமே அவருடையதாகிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுக்கு நான்கு எழுத்துகள் வீதம் நானே வெட்டினேன். பழக்கமில்லாத கை. ஊசி வழுக்கி வழுக்கி ஓடியது. படம் எடுத்து மொபைலில் வைக்கவில்லை, மின்னஞ்சலிலும் வைக்கவில்லை. சொற்கள் அச்சடித்த அட்டையோடே ஒரு கருவி உங்கள் கைக்கு வந்தால் அது திருடன் அனுப்பியது, பெட்டியை மூடிவிடுங்கள்.

இந்த மாதம் இடது பட்டன் போனபோது அந்தத் தகடுதான் கைகொடுக்க வேண்டியிருந்தது. பட்டன் இல்லாமல் பின் எண்ணைப் போட முடியவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, பழுதுபார்க்கும் வழக்கமே இல்லை, புதியது வாங்குங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வாழ்நாள் சேமிப்பைப் பூட்டி வைக்கச் சொல்லி விற்ற பொருளின் பட்டன் ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை! எங்கள் வீட்டு மிக்சியின் பட்டனுக்குப் பதினொரு வயது.

புதியதில் 24 சொற்களையும் இரண்டு பட்டன்களால் ஏற்ற ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. முடித்ததும் "சொற்கள் செல்லாது" என்று வந்தது. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு இருக்கிறது, அது ஒத்துவரவில்லை. அந்தக் கணத்தில் வயிற்றில் என்ன நடந்தது என்று எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தகட்டை மேசை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒரு சொல்லில் நான் வெட்டிய எழுத்தின் வளைவு முழுதாக விழவில்லை. அதை நான் வேறு எழுத்தாகப் படித்துவிட்டேன், அப்படிப் படித்தாலும் பட்டியலில் ஒரு சொல் இருந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இரவு ஒரு மணிக்கு மேல் இருப்புத் தொகை திரையில் வந்தது. தகடு வெட்டிய அன்றே வேறொரு கருவியில் ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே அதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. கருவிக்கு நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது தெரியாது. விற்றால் லாபத்தில் 30 சதவீத வரி, ஒன்றின் நட்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டம். வாங்கிய விலைக்கான சான்று எக்ஸ்சேஞ்ச் கணக்கில்தான் இருக்கும். அது மூடிப்போனால் சான்றும் போய்விடும். காசை எடுக்கும் அன்றே அறிக்கைகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மைத்துனனுக்கு. மாப்பிள்ளை தினமும் வாங்கி விற்பவன், டாலர் மதிப்பை ஒட்டிய யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவை ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பவன். போன வருடம் அப்படி அவனிடம் வாங்கிய ஒருவர் அனுப்பிய பணம் மோசடிப் பணமாக இருந்து, வேறு மாநில சைபர் குற்றப் பிரிவு அவனுடைய வங்கிக் கணக்கை மூன்று மாதம் முடக்கி வைத்தது. எந்தக் கருவியும் அதைத் தடுக்காது. திரையில் வருவதைப் படிக்காமல் "சரி" அழுத்துகிறவன் அவன். அவனுக்கு இது வேண்டாம், வாங்கினால் இன்னும் ஆபத்து. எனக்கும் இதைப் பிடிக்கவில்லை. யார் கேட்டாலும் இந்த மாதத்தில் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வாங்கியதும் இதே மாடல்தான், மாற்றாக இருக்கட்டும் என்று இன்னொன்றுக்கும் பணம் கட்டிவிட்டேன்.

நேற்று அவன் மறுபடி அழைத்தான். "வேண்டாம் என்கிறீர்கள், நீங்கள் மட்டும் ஏன் அதையே மறுபடி வாங்கினீர்கள்?" என்றான். என் முகவரி ஒன்றை அவனுக்கு அனுப்பி, "நான் கருவியைப் பார்த்து வாசிக்கிறேன், நீ சரிபார்" என்றேன். இருபதாவது எழுத்து வரும்போது "போதும் மாமா, சரியாகத்தான் இருக்கிறது" என்றான். பட்டனை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போனேன். மீதி 22 எழுத்துகளையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.