காப்பகத்தில் ‘பிஎம் ப்ளஸ்’: கையேடு நல்லது, அப்படியே நடத்தினால் சிக்கல்

மனத்துயரில் இருப்பவருக்குப் பேச்சு வழியாக உதவும் ‘ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் ப்ளஸ்’ (பிஎம் ப்ளஸ்) கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்டது; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உளவியல் பட்டம் இல்லாவிட்டாலும், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் நடத்தலாம். வாரத்துக்கு ஒன்றாக ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மெதுவாக மூச்சுவிடுதல், சிக்கலைப் பிரித்துக் கையாளுதல், விட்டுப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குதல், துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளுதல் என நான்கு உத்திகள். நைரோபியில் 421 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட இது மனத்துயரைக் கூடுதலாகக் குறைத்தது. அவர்களில் பெரும்பாலோர் வன்முறைக்கு ஆளானவர்கள். ஆனால் அது ஊருக்குள் நடந்த ஆய்வு. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் காப்பகத்தின் நிலைமை வேறு.

முதல் திருத்தம் மூச்சுப் பயிற்சியில். கண்ணை மூடச் சொன்னால் சிலருக்குப் பதற்றம் கூடும். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு மூச்சைக் கவனிப்பதே அந்த நொடியைத் திரும்பக் கொண்டுவரலாம். கண் திறந்தே இருக்கட்டும், கதவு தெரியும்படி உட்காரட்டும். மூன்று எண்ணும்வரை உள்ளே, மூன்று எண்ணும்வரை வெளியே. அதுவும் ஒத்துவராவிட்டால் பாதம் தரையில் பதிவதைக் கவனித்தால் போதும். நெரித்தது தெரியவந்தால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு மறதியும் களைப்பும் இருக்கலாம். 90 நிமிடத்தை இரண்டு 45 நிமிடங்களாகப் பிரித்துவிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது சிக்கல்களைப் பிரிக்கும் இடத்தில்தான். தீர்க்க முடிந்தவை, முடியாதவை, முக்கியமல்லாதவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது கையேடு. ‘அவர் அடிப்பது’ என்பதை முதல் வகையில் எழுதிவிட்டால், அடியை நிறுத்துவது அவள் பொறுப்பாகிவிடும். அவன் வன்முறை அவள் தீர்க்கவேண்டிய கணக்கே அல்ல. அவள் கையில் இருப்பது பாதுகாப்புத் திட்டம் (ஆபத்து வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது), பிள்ளையின் பள்ளி மாற்றம், வழக்குத் தேதிக்கான காகிதங்கள். ஆகவே பாதுகாப்புத் திட்டத்தை முதல் அமர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நான்காவது அமர்வில் வரும் ‘பழைய உறவுகளோடு பேசுங்கள்’ என்ற வேலையும் அப்படித்தான். ஒரு சித்தியிடம் பேசியது மறுநாள் அவன் காதுக்குப் போகலாம். யாரிடம், எந்தத் தொலைபேசியில், எதைச் சொல்லாமல் பேசுவது என்று அவளோடு சேர்ந்து முடிவு செய்தபிறகே அழைக்க வேண்டும்.

நடத்துபவர் யார் என்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. சாவி வைத்திருப்பவரும் விதிமீறலை எழுதுபவருமான வார்டனே அமர்வையும் நடத்தினால், ‘நல்லா இருக்கேன்மா’ என்ற பதில்தான் வரும். வேறு ஒருவர் வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இல்லாவிட்டால் கைக்குழந்தை அழும்போதெல்லாம் பேச்சு அறுந்துபோகும்.

தற்கொலை எண்ணம் உடனடி ஆபத்தாக இருந்தாலோ, பிரமை போன்ற கடுமையான மனநோய் அறிகுறி இருந்தாலோ இது போதாது. நேரே மனநல மருத்துவரிடம்தான் போகவேண்டும். கையேடும் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஐந்து வாரம் தங்காமல் கிளம்புபவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு அமர்வு வைத்தால் முடிக்க வாய்ப்பு அதிகம், இடையில் பழகிப்பார்க்க நாள் குறையும் என்றாலும். பயிற்சித் தாள்களைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். போகிற வீட்டில் அதை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது.