வெள்ளவத்தைப் பயண முகவரிடம் பதிந்த மாலைதீவுப் பயணம்

டிசம்பர் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுடன் மாலைதீவுக்குச் செல்ல எண்ணி, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மாடியில் இயங்கும் சிறிய பயண முகவர் நிலையத்தை நாடினோம். மாஃபுஷித் தீவின் விருந்தினர் விடுதி அறைக்கு நான் இணையத்தில் பார்த்துவைத்திருந்த விலை நியாயமாகவே இருந்தது. ஆயினும் அவர்கள் சொன்ன மொத்தத் தொகை என் கணக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முகவர் கூடுதலாக வைத்து விற்கிறார் என்றே முதலில் நினைத்தேன், அது தவறு.

அங்கிருந்த பெண் அலுவலர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமை விமானத்தில் குறைந்த கட்டண வகுப்பில் இரண்டு ஆசனங்களே மிஞ்சியிருந்தன. ஒரே விமானத்தின் ஆசனங்கள் பல விலைகளில் விற்கப்படுகின்றன என்பதையும், மலிவான வகுப்பு தீர்ந்ததும் அதற்கு மேலுள்ளதுதான் கிடைக்கும் என்பதையும், நால்வருக்கும் ஒன்றாகப் பதிந்தால் நால்வருக்குமே அந்த உயர்ந்த கட்டணம் விழும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். கொழும்பிலிருந்து மாலேக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பறப்புதான். ஆனால் அந்த ஆசனங்களை நாடுவோர் எம்மைப்போன்ற உல்லாசப் பயணிகள் மட்டுமல்லர்; சிகிச்சைக்கும் படிப்புக்கும் கொழும்பு வந்துபோகும் மாலைதீவினர், அங்கே தொழில் செய்யும் நம் நாட்டவர், கட்டுநாயக்கவில் விமானம் மாறும் ஐரோப்பியர் என எல்லோரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். தீவுக்கு ரயிலோ பஸ்ஸோ இல்லாதபடியால், அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆசனம் அருகும் வாரத்தில் பயணத்தின் விலை ஏறியே தீரும். 2022 எரிபொருள் நெருக்கடியில், கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றதைப் பார்த்த நமக்கு, தீவுப் பயணம் விமானத்தின் தயவிலேயே தங்கியிருப்பது புதிதாக இருக்க வேண்டியதில்லை.

அவர் சொற்படி பயணத்தை ஜனவரி மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம். பிள்ளைகள் சில நாள் பாடசாலையை விட நேர்ந்தது எனக்கு உவப்பாக இல்லை. ஜனவரியும் அங்கே உச்சப் பருவமே ஆகையால் அறை விலை சிறிதளவே இறங்கியது. பெரும் வித்தியாசம் விமானக் கட்டணத்தில்தான் வந்தது. அதிலும் ஒரு பகுதி எந்த நாளிலும் அசையாது: 2024 டிசம்பர் முதல் மாலைதீவிலிருந்து சாதாரண வகுப்பில் புறப்படும் வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் புறப்பாட்டு வரி 50 டொலர், விமான நிலைய அபிவிருத்திக் கட்டணம் 50 டொலர். இவ்வளவு குறுகிய பயணத்துக்கு அது பாரமான தொகை. பயணச்சீட்டிலேயே அது அடங்கியிருப்பதை அவர் தாமாகவே எடுத்துக்காட்டினார்.

குறை ஒன்று உண்டு. அங்கு தங்கும் சுற்றுலாப் பயணிகளிடம் அறவிடப்படும் பசுமை வரி பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. சிறிய விருந்தினர் விடுதிகளில் அது ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டொலர். நான்கு இரவுகளுக்கு நால்வருக்குமாக 96 டொலரை, விடுதியை விட்டுப் புறப்படும் காலையில், கையிலிருந்த செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினோம். விமானக் கட்டணத்தை இத்தனை நுணுக்கமாக விளக்கத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது வருத்தமளித்தது. திரும்பி வந்து சொன்னபோது மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கான ஆசனங்களை இப்போதே அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இம்முறை விலைப்பத்திரத்தில் வரிகளைத் தனித்தனியாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.