420 வெள்ளி போச்சு: பழைய ஆட்டோ லெவல் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் சைட்டுக்குப் பழைய ஆட்டோ லெவல் (தரையின் உயர வித்தியாசத்தைப் பார்த்து அளக்கும் கருவி) தேடுகிறீர்களா? பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். சனிக்கிழமை 420 வெள்ளிக்கு வாங்கிய கருவி ஒன்றுக்கும் ஆகாது என்று திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. விற்ற ஆள் இன்றுவரை ஒரு காசு திருப்பித் தரவில்லை.

ஆளுக்கு ஆள் பழைய சாமான் விற்கும் இணையச் சந்தையில் வந்த விளம்பரம். 32 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லெவல், அதை நிறுத்தும் டிரைபாட், 5 மீட்டர் ஸ்டாஃப் (அளவுகோல்), கருவி சரிபார்க்கப்பட்டது என்று சொல்லும் கேலிபிரேஷன் சர்டிஃபிகேட், எல்லாம் சேர்த்து 420 வெள்ளி. விற்றவர் நம்ம ஆள். "சைட் முடிஞ்சிருச்சு அண்ணே, ஊருக்குப் போறேன், அதான் தர்றேன்" என்றார்.

நம்ப வைத்த விதத்தைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் 12 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு தூண்களுக்குச் சரியாக நடுவில் டிரைபாடை நிறுத்தினார். இரண்டு தூணடியிலும் ஸ்டாஃப் வைத்துப் படிக்கச் சொன்னார். பிறகு டிரைபாடை அரை அடி உயர்த்தி, மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டு முறையும் வித்தியாசம் மில்லிமீட்டர் பிசகவில்லை. "பாத்தீங்களா அண்ணே, தங்கம் மாதிரி இருக்கு." அந்த இடத்திலேயே கைபேசிப் பணமாற்றான பேநவ்வில் 420 வெள்ளி போனது.

நடுவில் வைத்தால் எந்தக் கெட்ட லெவலும் சரியாகத்தான் காட்டும்! பார்வைக்கோடு மேலே சாய்ந்திருந்தாலும் கீழே சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் தூரம் சமம், அதனால் தவறும் சமம். கழித்தால் காணாமல் போய்விடும். தொழில் தெரிந்தவன்தான் இப்படிக் காட்ட முடியும். தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை சைட்டில் இரண்டு ஆணி சோதனை செய்தபோது குட்டு வெளிப்பட்டது. 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி. நடுவில் வைத்துப் படித்தால் முதல் ஆணியில் 1.432, இரண்டாவதில் 1.287. உண்மையான வித்தியாசம் 0.145 மீட்டர். பிறகு முதல் ஆணிக்கு 2 மீட்டர் பின்னால், அதே கோட்டில் கருவியை வைத்தால் கிட்டத்து ஸ்டாஃப் 1.518. அப்படியானால் தூரத்து ஸ்டாஃபில் 1.373 வர வேண்டும். வந்தது 1.384. நாற்பது மீட்டரில் 11 மி.மீ. தவறு. ஒழுங்கான கருவி 2, 3 மி.மீ.க்குள் நிற்கும்.

தவறு மாறாமல் நின்றால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் மூடிவளையத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கிராஸ் ஹேரை (உள்ளே தெரியும் குறிக்கோட்டை) 1.373க்குக் கொண்டுவந்தால் முடிந்தது. ஆனால் திருகைத் தொடாமல், லெவலை டிரைபாடிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்து, திரும்ப மாட்டிப் பார்த்தால் தவறு 4 மி.மீ. இன்னொரு முறை கழற்றி மாட்டினால் எதிர்ப்பக்கம் 7 மி.மீ.

தேசிய சேவையில் துப்பாக்கியை ஸீரோ செய்தவர்களுக்கு, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தவர்களுக்கு, இந்தக் கவலை புரியும். துப்பாக்கியில் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் ஸீரோ நிற்குமா என்பது பெரும்பாலும் மாட்டும் கவ்வியைப் பொறுத்தது. அதே பள்ளத்தில், அதே இறுக்கத்தில் உட்கார வேண்டும். ஆட்டோ லெவலில் டிரைபாட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் உள்ளே தொங்கும் காம்பென்சேட்டர் ஒவ்வொரு முறையும் பார்வைக்கோட்டைப் புதிதாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவரும். அதனால் கழற்றி மாட்டியதும் குறி மாறினால் கோளாறு உள்ளேதான்: காம்பென்சேட்டர் தொங்கும் மெல்லிய பட்டை வளைந்திருக்கும், அல்லது கிராஸ் ஹேர் சட்டம் இருக்கையில் ஆடும். இரண்டும் கீழே விழுந்த கருவியில் வருவது. மூடிவளையத்தின் விளிம்பில் இடுக்கி கடித்த தடம் இரண்டு இருந்தது, அதன்மேல் கறுப்பு மார்க்கர் பூசியிருந்தார்கள். விரல் நகத்தால் சுரண்டியதும் பளபளவென்று உலோகம் தெரிந்தது.

சர்டிஃபிகேட்டில் இருந்த சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கமும் கருவியின் அடியில் இருந்ததும் வேறு வேறு. அது வேறொரு லெவலுக்குக் கொடுத்த தாள்.

கேட்டால் முதலில் "டிரைபாட் லூஸா இருக்கும் அண்ணே". படம் அனுப்பியதும் "வெயில்ல வச்சீங்களா?" மூன்று அளவீட்டையும் எழுதி அனுப்பியதும் "நீங்க ஏன் உள்ள கைய வச்சீங்க?" யாரும் கை வைக்கவில்லை என்றதற்குப் பதிலே இல்லை. இணையச் சந்தையில் புகார் கொடுத்தால், தங்கள் கட்டணப் பாதுகாப்பு வழியாக வாங்காமல் நேரில் பேநவ் செய்த 420 வெள்ளிக்குத் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரி.

சர்டிஃபிகேட் நம்பரும் கருவி நம்பரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். 40 மீட்டர் கிடைக்காத இடத்தில் வாங்காதீர்கள். சோதனையை ஒருமுறை செய்தபின் கழற்றி, பெட்டியில் வைத்து, திரும்ப மாட்டி இன்னொருமுறை செய்யுங்கள். கருவியின் அடியில் இருக்கும் கால் திருகை அரைக்கால் சுற்றுத் திருப்பினால் படிப்பு அசைந்து பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் காம்பென்சேட்டர் சிக்கிக் கிடக்கிறது, வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உரையாடலை அழிக்காதீர்கள். 5,000 வெள்ளிக்குள் தனிநபர் கோரிக்கைக்கு ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் கட்டணம் 10 வெள்ளிதான். இந்த 420 வெள்ளிக்கான மனு இன்றிரவே போகிறது.