விறகு அறுக்க எந்த மெஷின்: சிசியைப் பார்ப்பதா, செயினைப் பார்ப்பதா?

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் நிலத்தின் வரப்போரம் முழுக்கப் புளியமரம். கிணற்றடியில் வேம்பு, ஓடைக்கரையில் சீமைக் கருவேலம், மேட்டுக்கொல்லையில் மா. வீட்டில் காஸ் அடுப்பு இருந்தாலும் வெந்நீரும் களியும் மாட்டுத் தீவனம் வேகவைப்பதும் விறகில்தான். மார்கழிக் குளிரில் இந்தப் பக்கம் விடியற்காலையில் வெந்நீர் அடுப்பு எரியாத வீடு குறைவு. ஆகவே விறகு எங்களுக்கு ஆண்டு முழுவதும் உள்ள தேவை. இவ்வளவு காலம் ஆள் வைத்து அறுத்தோம். இப்போது சொந்தமாக ஒரு செயின் ரம்பம் வாங்கியிருக்கிறேன்: 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) கொண்ட, ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180. அதற்கு முன் கடை கடையாக ஏறி இறங்கி, அக்கம்பக்கத்துக்காரர்களின் மெஷின்களைப் பிடித்து அறுத்தும் பார்த்தேன். அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சொந்த மெஷின் தேவையே இல்லாதவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புயலில் சாய்ந்த ஒரு மரத்தையோ, பட்டுப்போன இரண்டு வேம்பையோ அகற்ற வேண்டும் என்றால், மெஷினோடு வரும் ஆளை ஒரு நாள் கூலிக்கு அழைப்பதே மேல். பெரிய மரத்தைச் சாய்ப்பது தனித் தொழில். எந்தப் பக்கம் வெட்டுவாய் போடுவது, கயிறு எங்கே கட்டுவது என்று தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. நான் பேசுவது தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதும் கை எட்டும் கிளையைக் கழிப்பதும் மட்டும். சுள்ளிக்கும் மிலாறுக்கும் கொடுவாள் போதும். அறுத்த துண்டைப் பிளக்க எந்த மெஷின் வாங்கினாலும் கோடாலியும் ஆப்பும் வேண்டும்.

கரண்டில் ஓடும் ரம்பத்தை நான் முதலில் விரும்பினேன். பெட்ரோல் கலக்கும் வேலை இல்லை, கயிறு இழுத்துக் கிளப்பும் பாடு இல்லை, சத்தமும் குறைவு. மக்கீட்டாவின் 1800 வாட் மெஷினில் 16 அங்குல பாரே வருகிறது. வீட்டு வாசலில் கட்டையைக் கொண்டுவந்து போட்டு அறுப்பவருக்கு இது நல்ல பொருள். சிக்கல் வயரில் இருக்கிறது. 1800 வாட் என்றால் சுமார் 8 ஆம்பியர். 1 சதுர மி.மீ. செம்பு வயரை 50 மீட்டருக்கு இழுத்தால் வயரிலேயே ஏறக்குறைய 14 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊரில் அதற்கு மேலும் குறைந்தால் மோட்டார் திணறும், சூடேறும். 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 6 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஆனால் அந்த வயரின் விலையையும் மெஷின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மரம் கிடக்கும் வரப்பு மீட்டர் பெட்டியிலிருந்து வெகு தூரம் என்பதால் எனக்கு இது ஒத்துவரவில்லை.

பேட்டரி மெஷின் பற்றி நான் அடித்துச் சொல்ல முடியாது. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் உறவினரிடம் ஒரு கைப்பிடி அளவு மெஷின் இருக்கிறது, ஆறு அங்குல பார். காய் இறங்கியபின் ஆடி ஆவணியில் மாங்கிளை கழிக்கும்போது அதை வாங்கி அறுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு அளவுள்ள கிளை வெண்ணெயாக அறுபடுகிறது. ஏணியில் நின்று பெட்ரோல் மெஷினைத் தூக்குவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ நிம்மதி. ஆனால் வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் அதை வைத்துப் பார்க்கவில்லை. பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் நான் அனுபவித்து அறிந்ததில்லை. மாந்தோப்பு மட்டும் வைத்திருப்பவர் இதை முதலில் பார்க்கலாம்.

பெரும்பாலோருக்கு நிஜமான போட்டி இரண்டு பெட்ரோல் மெஷின்களுக்கு இடையேதான். ஒன்று, ஆறேழு ஆயிரத்துக்குக் கிடைக்கும் '58 சிசி' சீன மெஷின், 22 அங்குல பார். சிசி என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு. மற்றது, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விலையுள்ள, பெயர்பெற்ற கம்பெனிகளின் சிறிய மெஷின்: ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்றவை. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எல்லோருடைய கையும் பெரியதன் பக்கமே போகும். 58 எங்கே, எம்.எஸ். 180-இன் 31.8 எங்கே! பாரும் அரை அடி நீளம் கூடுதல், விலையும் குறைவு. வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

அந்த 58 என்ற எண்ணையே நம்பிவிட வேண்டாம். இந்த வகை மெஷின்கள் பலவற்றில் சிலிண்டர் விட்டம் 45.2 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 34 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் 54.5 சிசி வருகிறது. அப்படியும் பலம் அதற்கே கூடுதல், அதில் மறுப்பில்லை. புதுச் செயினோடு அதை ஒரு தடித்த வேப்பங்கட்டையில் வைத்தால் என் மெஷினைவிட வேகமாக இறங்கும். பெரிய பெரிய முண்டுகளை நாள் முழுக்க அறுப்பவருக்கு 31.8 சிசி போதாது என்பதும் உண்மை. அவர்கள் 45 சிசி உள்ள எம்.எஸ். 250 போன்றதற்குப் போக வேண்டும். வீட்டு விறகுக்கோ ஒரு அடிக்கு மேல் தடித்த கட்டை அரிது. அதையும் மீறி வந்தால் 16 அங்குல பாரால் இருபுறமும் வைத்து அறுத்துவிடலாம்.

ஆனால் நான் முடிவெடுத்தது எஞ்சினை வைத்து இல்லை. மரத்தை அறுப்பது செயின். அதன் பல் கூராக இருக்கிறதா, மழுங்கினால் என் கையாலேயே தீட்ட முடியுமா, தேய்ந்தால் அதே அளவு செயின் பக்கத்தில் கிடைக்குமா: இந்த மூன்றையும் வைத்தே மெஷினை எடை போட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். மழுங்கிய செயினோடு 58 சிசி மெஷின் செய்யும் வேலையைவிடக் கூரான செயினோடு 32 சிசி மெஷின் செய்யும் வேலை அதிகம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் மண்ணில் செயின் மழுங்குவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலமெல்லாம் கல். தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது பார் நுனி மறுபுறம் இறங்கி ஒரு சரளைக்கல்லை லேசாகத் தொட்டால் போதும், அந்தக் கணமே கூர் போய்விடும். பார் நீளமாக இருந்தால் அந்த நுனி எங்கே இருக்கிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குப் படாது. 22 அங்குல பாரின் பெரிய குறை இதுதான். புளியமரத்தில் வேறு தொல்லையும் உண்டு. அரிவாள் மாட்டவும் கொடி கட்டவும் எப்போதோ அடித்த ஆணி, வேலிக்குச் சுற்றிய முள்கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். தென்னையின் வெளிவைரமும் செயினை வேகமாகத் தின்னும். காய்ந்த புளியைவிடப் பச்சைக் கட்டை செயினுக்கு நல்லது. பச்சையில் அறுத்துப் பிளந்து அடுக்கிவிட்டால் பங்குனி சித்திரை வெயில் காயவைத்துவிடும்.

மழுங்கியதை எப்படிக் கண்டுகொள்வது? கீழே விழுவதைப் பாருங்கள். கூரான செயின் சிராய் சிராயாகத் தள்ளும், நெல் உமியைவிடப் பெரிதாக இருக்கும். அது மாவுபோலப் பொடியாக விழத் தொடங்கினாலும், மெஷின் தானாக இறங்காமல் நீங்கள் அமுக்க வேண்டியிருந்தாலும் உடனே நிறுத்துங்கள். பல்லின் முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மழுங்கிய இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். கூரான முனை மின்னாது, அங்கே வெளிச்சம் தங்க இடமில்லை. அந்தக் கோடு மறையும் வரை அரம் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

எம்.எஸ். 180-இன் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம். பல்லின் மேல் தட்டில் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். அதற்கு இணையாக 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லில் உரசக் கூடாது. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் வந்து மீதியைத் தீட்ட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளல். ஒரு பக்கப் பல் குட்டையானால் மெஷின் கோணலாக அறுத்துக்கொண்டு போகும், பாரும் ஒரு புறமாகத் தேயும். நாலைந்து முறை தீட்டியபின் பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் 'எவ்வளவு தீட்டினாலும் அறுக்க மாட்டேன் என்கிறது' என்று புலம்புவார்கள். அளவு தெரியாமல் அதிகம் இறக்கிவிட்டாலோ மெஷின் குதிக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 16 அங்குல ஸ்டில் செயினில் கீழ்க்கண்ணி (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) 55, தீட்ட வேண்டிய பல் 28 அளவில். 22 அங்குல சீன மெஷின் செயினில் கீழ்க்கண்ணி 86, பல் 43. ஒவ்வொரு முறை மழுங்கும்போதும் பதினைந்து பல் கூடுதலாகத் தீட்ட வேண்டும். அதன் கண்ணி இடைவெளியும் வேறு என்பதால் 4.8 மி.மீ. அரம் வேண்டும், கைக்கு அகப்பட்ட அரத்தைப் போட்டால் பல்லின் வளைவே கெட்டுவிடும். மரத்தடியில் உட்கார்ந்து இருபத்தெட்டுப் பல் தீட்டுவதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறும், அவ்வளவே. நாற்பத்துமூன்று என்றதும் 'இன்றைக்கு இப்படியே ஓட்டிவிடலாம்' என்று தோன்றிவிடுகிறது. மழுங்கிய செயினை அமுக்கி அமுக்கி ஓட்டினால் பார் நீலம் பாய்கிறது, கிளட்ச் சூடேறுகிறது, பெட்ரோல் வீணாகிறது. எங்கள் ஊரில் மூலையில் கிடக்கும் மலிவு மெஷின்கள் பலவற்றின் கதை இப்படி ஆரம்பித்ததுதான்.

உதிரிபாகத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மலிவு மெஷினுக்குச் செயினும் பாரும் கார்புரேட்டரும் ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் கண்ணி எண்ணிக்கை சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். 20 அங்குல பாருக்கு 76, 22-க்கு 86. ஸ்டிலுக்கும் இதே எச்சரிக்கைதான்: வேறு கம்பெனிகளின் 16 அங்குலச் செயினில் 56, 57 கண்ணி வருவதுண்டு, அது 55 கண்ணி பாரில் சரியாக உட்காராது. வித்தியாசம் எங்கே என்றால், நான் வாங்கிய கடையில் மாடல் பெயரைச் சொன்னதும் சரியான செயினை எடுத்து மேசையில் வைத்தார்கள். வேலை நின்ற அன்றே மறுபடி ஓடியது. கூடுதல் விலையில் பாதி இதற்கே தகும் என்று நினைக்கிறேன். பழையதாக விற்கும்போதும் கம்பெனி மெஷினைக் கேட்டு வருவார்கள். மற்றதை இரும்பு எடைக்குத்தான் கேட்கிறார்கள்.

பெட்ரோலில் கலக்க வேண்டிய எண்ணெயின் அளவு இரண்டிலும் வேறு. ஸ்டிலுக்கு அதன் எண்ணெயோடு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மலிவு மெஷின்களில் பெரும்பாலும் 25-க்கு 1 என்று எழுதியிருக்கும், லிட்டருக்கு 40 மில்லி. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் டாங்கை வடித்து, தானாக அணையும் வரை ஓட்டி வையுங்கள்.

பாதுகாப்பு பற்றி இரண்டே வார்த்தை, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை. பார் நுனியின் மேல்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். ஆகவே நுனியால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேல் தூக்காதீர்கள். வாங்கும்போதே செயின் பிரேக்கைத் தள்ளிப் பார்த்து, ஓடும் செயின் அப்படியே நிற்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையில் சோதியுங்கள். நிற்காவிட்டால் எவ்வளவு மலிவானாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வேட்டி, லுங்கி, ரப்பர் செருப்போடு யாரும் இதைத் தொடக் கூடாது. கெட்டியான பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு வேண்டும். பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். மரம் உங்கள் பட்டா நிலத்தில் இருந்தாலும் சந்தனத்தை வனத்துறை அனுமதியில்லாமல் தொடக் கூடாது. காப்புக்காட்டுப் பக்கம் மெஷினோடு போகவே வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு வண்டி விறகு மட்டும் வேண்டும், பணம் இப்போது கையில் இல்லை என்பவர் மலிவு மெஷினை வாங்குவதில் குற்றமில்லை. வாங்கினால் 22 அங்குல பாரைக் கேட்காமல் 18 அங்குலம் கேளுங்கள்; அதில் கண்ணி 72தான், நுனியும் கண்ணில் படும். மீதமாகும் பணத்தில் சரியான அளவு உருண்டை அரம் இரண்டு, தட்டை அரம் ஒன்று, மாற்றுச் செயின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மெஷின் வாங்குபவரும் இந்த நான்கையும் அன்றே சேர்த்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு பல்லைத் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தீட்டத் தெரியாத கடையில் நான் வாங்க மாட்டேன்.