ஃபிஜிக் கப்பல் ஆவணம் என்று போலித் தாள் விற்கிறார்கள்: மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஃபிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரின் எமிகிரேஷன் பாஸை (கப்பல் ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட குடிபெயர்வுத் தாளை) அங்குள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லி, ஒருவர் நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு போலித் தாளைக் கொடுத்துவருகிறார். பினாங்கில் எங்கள் குடும்பத்தையும் கிள்ளானில் இன்னொரு குடும்பத்தையும் அவர் ஏமாற்றியிருப்பது உறுதியாகத் தெரிந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும்வரை அவருடைய பெயரையும், அவர் நடத்துவதாகச் சொல்லும் சேவையின் பெயரையும் வெளியிடுவதற்கில்லை. அவர் எப்படிச் செய்கிறார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அண்ணன் அதற்கு முன்பே ஊரை விட்டு ஃபிஜிக்குப் போய்விட்டார் என்பதும், போருக்கு முன்னால் லம்பாசா என்ற இடத்திலிருந்து அவர் ஒரே ஒரு கடிதம் போட்டார் என்பதும் எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அந்தக் கடிதம் இப்போது இல்லை. அதைப் பற்றிக் கொள்ளுத்தாத்தாவின் வாயாலேயே கேட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் என் பெரிய அத்தை ஒருவர்தான். அவருக்கு வயது 86. அவர் இருக்கும்போதே அண்ணன் வழி உறவுகளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் ஆசைப்பட்டோம். ஏமாற்றுக்காரர் பிடித்துக்கொண்டதும் அந்த ஆசையைத்தான்.

கோயில் திருவிழாவில் அறிமுகமான ஒருவர் மூலமாக அவருடைய தொடர்பு கிடைத்தது. கோலாலம்பூரில் அலுவலகம் இருப்பதாகவும், சுவாவில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் தமக்கு ஆள் இருப்பதாகவும் சொன்னார். பேச்சு மிகவும் மரியாதையாக இருந்தது. அத்தையை "அம்மா, அம்மா" என்றே அழைத்தார். முதல் அழைப்பிலேயே நீண்ட நேரம் கேள்வி கேட்டார். போனவரின் பெயர், தகப்பனார் பெயர், சாதி, ஊர், வட்டம், உடன்பிறந்தவர்கள் யார் யார், திருமணமாகிப் போனாரா இல்லையா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தேடுவதற்கு 900 வெள்ளி, கிடைத்ததும் சான்றளிக்கப்பட்ட நகலுக்கு 1,800 வெள்ளி என்று சொல்லி, ஒரு தனிநபர் வங்கிக் கணக்கின் எண்ணைக் கொடுத்தார். ரசீது வாட்ஸ்அப்பில் படமாக வந்தது.

சில வாரங்களில் பாஸ் வந்தது. பழுப்பேறிய தாளின் வண்ண நகல், மேலே எண், கீழே மருத்துவரின் கையெழுத்து, குடிபெயர்வோர் பாதுகாவலரின் கையெழுத்து. நாங்கள் சொன்ன பெயர், நாங்கள் சொன்ன தகப்பனார், நாங்கள் சொன்ன ஊர், நாங்கள் சொன்ன சாதி எல்லாம் இருந்தன. நாங்கள் சொல்லாத இரண்டு விவரங்களும் இருந்தன. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அங்க அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் படித்துக் காட்டியபோது அத்தை அழுதுவிட்டார். சற்று நேரம் கழித்து, தாத்தாவின் அண்ணனை மாடு முட்டியதாகச் சிறு வயதில் கேட்ட ஞாபகம் இருக்கிறது என்றார்.

அடுத்த வாரமே, பாஸோடு புகைப்படமும் கிடைத்திருக்கிறது, அதற்கு 1,200 வெள்ளி ஆகும் என்று செய்தி வந்தது. அதையும் கொடுத்தோம். ஆக மொத்தம் 3,900 வெள்ளி.

சந்தேகம் எழுந்தது என் அண்ணன் மகளுக்கு. அவள் கோலாலம்பூரில் நூலகராக இருக்கிறாள். தாளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி தேதியைப் பற்றியது. பாஸில் இருந்த ஆண்டு 1897, துறைமுகம் சென்னை. ஃபிஜிக்கு இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான லியோனிடாஸ் 1879 மே மாதத்தில் லெவுகா துறைமுகத்தை அடைந்தது. அது கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபிஜிக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே கிளம்பின. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கியது 1903இல்தான். கடைசிக் கப்பல் 1916இல் போனது. இந்த முப்பத்தேழு ஆண்டுகளில் ஃபிஜிக்குப் போன சுமார் 60,000 பேரில் சென்னை வழியாகப் போனவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். 1897இல் சென்னையில் கப்பல் ஏறி ஃபிஜிக்குப் போனதாக ஒரு தாள் சொன்னால், அந்தத் தாளில் மற்றது எதையும் படிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு தாளைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். படிவத்தில் அச்சிட்ட கோடுகள் இடமிருந்து வலமாகச் சீராக ஓடுகின்றன. பெயர், தகப்பனார் பெயர், ஊர் என நாங்கள் சொன்ன விவரங்கள் இருக்கும் இடங்களில் மட்டும் கோடு அறுந்து, எழுத்து முடிந்த பிறகு மீண்டும் தொடங்குகிறது. உயரமும் தழும்பும் எழுதப்பட்ட இடத்தில் மை தாளின் நாருக்குள் ஊறிப் பரவியிருக்கிறது. பெயர் எழுதிய இடத்திலோ எழுத்தின் விளிம்பு கத்தியால் நறுக்கியதைப்போல் கூர்மையாக நிற்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. படிவத்தில் ஜில்லா, தானா, கிராமம் என்று இருக்கிறது. தானா என்பது வட இந்தியாவில் ஒரு காவல் நிலையத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதி. அந்த இடத்தில் எங்கள் வட்டத்தின் பெயரைச் செருகியிருந்தார்கள். கல்கத்தா வழியாகப் போன யாரோ ஒருவரின் பாஸை எடுத்து, அந்த இடங்களைச் சுரண்டிவிட்டு, எங்கள் வாயிலிருந்து வாங்கிய பெயர்களை அதில் எழுதியிருக்கிறார்கள்.

புகைப்படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபிஜி பாஸில் புகைப்படம் கிடையாது. அந்தக் காலத்தில் ஆளை அடையாளம் காட்டியது உயரமும் அங்க அடையாளமும்தான். மொரிஷியஸுக்குப் போனவர்களில் ஒரு காலகட்டத்திற்குப் பிறகு வந்தவர்களைப் படம் எடுத்தார்கள்; அந்தத் தொகுப்பு இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு தீவின் ஆவணத்தில் இருப்பது இன்னொரு தீவின் ஆவணத்தில் இருக்காது என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. இந்த வியாபாரம் அதை நம்பித்தான் நடக்கிறது.

அண்ணன் மகள் சுவாவிலுள்ள காப்பகத்துக்கு நேரடியாக எழுதி, தாளில் இருந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டாள். அவர்கள் நிதானமாகத் தேடிப் பார்த்துப் பதில் எழுதினார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் பஸ்தி ஜில்லாவைச் சேர்ந்த ஒருவர். கல்கத்தாவில் கப்பல் ஏறியவர். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் பஸ்தியிலிருந்துதான் ஃபிஜிக்கு மிக அதிகமானோர் போனார்கள். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், முழங்காலுக்குக் கீழே தழும்பு, இரண்டும் அந்த மனிதருடையவை.

இதை உறவினர்களிடம் சொல்லத் தொடங்கிய பிறகு கிள்ளானிலிருந்து ஓர் ஐயா தொடர்புகொண்டார். அவருடைய தாளும் எங்கள் தாளும் ஒன்றே. பெயரும் ஊரும் மட்டும் வேறு. அதே உயரம், அதே தழும்பு, அதே கையெழுத்துகள். அவருடைய குடும்பம் கொடுத்தது எங்களைவிட அதிகம்.

பணம் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அத்தையின் நினைவில் இவர்கள் கைவைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாடு முட்டிய கதையை அவர் உண்மையிலேயே தாத்தாவிடம் கேட்டிருந்தாரா, அல்லது தாளில் தழும்பைக் கேட்டபின் மனம் அதற்கு ஒரு காரணத்தைத் தானே அமைத்துக்கொண்டதா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம். சரி என்று தலையசைத்தார். ஆனால் பேரப்பிள்ளைகள் கேட்டால் இன்றும் மாடு முட்டியதைச் சொல்கிறார். ஆவணம் இல்லாத குடும்பத்துக்கு மூத்தவர்களின் வாய்மொழிதான் ஆவணம். அதில் ஒரு பொய்யைக் கலந்துவிட்டால் பிறகு எந்தக் காப்பகமும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே, யாரிடமும் எந்தத் தாளும் வாங்குவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நேர்வழி இருக்கிறது, அது கடினமானதும் அல்ல. ஃபிஜியின் பாஸ்கள் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே நீங்களே எழுதிக் கேட்கலாம். போனவரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கக்கூடும் என்று யோசித்து, அத்தனை வடிவங்களையும் குறிப்பிடுங்கள். முனுசாமி, சின்னசாமி போன்ற பெயர்களில் ஒருவர் இருவர் அல்ல, பலர் போயிருக்கிறார்கள். பிழைத்த இடம் தெரிந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அந்தந்தக் கரும்புப் பகுதியிலேயே நிலம் பிடித்துத் தங்கிவிட்டார்கள் என்பதால், ஊர்ப்பெயர் ஒன்று போதும், தேடும் வட்டம் வெகுவாகக் குறுகிவிடும். ஃபிஜியில் 1926இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. அங்குள்ள தமிழ் வழியினரை அதன் மூலமாகவும் விசாரிக்கலாம்.

மலாயாவுக்கே வந்த முன்னோரின் "எமிகிரேஷன் பாஸ்" தருவதாக யாராவது சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். நம் தாத்தாக்களில் பெரும்பாலோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மூலமாகவோ சொந்தச் செலவிலோ நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்குக்கு வந்து, பூலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனியே வைக்கப்பட்டுப் பிறகு தோட்டத்துக்குப் போனவர்கள். ஃபிஜியைப்போல் ஆளுக்கு ஒரு தாளாகத் தேடி எடுக்கும் முழுத் தொகுப்பு அவர்களுக்குக் கிடையாது. தேசியப் பதிவுத் துறையிலுள்ள பிறப்பு, இறப்புப் பதிவுகள், அவசரகாலத்தில் 1948 முதல் கொடுக்கப்பட்ட அடையாள அட்டைகள், குடியுரிமைத் தாள்கள், தோட்டத்து ஆள் பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டுதான் அந்தத் தேடலைத் தொடங்க முடியும்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பணம் அனுப்பிச் சற்று நேரமே ஆகியிருந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்க வாய்ப்புண்டு. நாள்கள் கடந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகாரோடு வாட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சீட்டு, வந்த தாள் மூன்றையும் இணையுங்கள். எதையும் அழிக்காதீர்கள். ஆள் யார், முகவரி என்ன என்று தெரிந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் கோரிக்கை வைக்கலாம்; கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

அந்த நபர் இப்போது வேறு கைப்பேசி எண்ணில், வேறு பெயரில் பேசுவதாகக் கேள்விப்படுகிறோம். உங்கள் வீட்டில் இருக்கும் பாஸில் ஐந்தடி நான்கு அங்குலமும் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பும் இருந்தால், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது பினாங்கிலும் கிள்ளானிலும் இதே தாளைப் பற்றிப் புகார்கள் இருப்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். விசாரணை அதிகாரி எங்களிடம் கேட்டதும் இந்த ஒன்றைத்தான்.