நாள்பட்ட முதுகுவலி: அக்குபஞ்சரா, வழக்கமான சிகிச்சையா?

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சர் நல்லதா, மாத்திரையும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சை நல்லதா என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1,162 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினர் தேறியிருந்தனர். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதத்தினரே தேறியிருந்தனர்.

இதோடு நிறுத்தினால் வெற்றி ஊசிக்குத்தான். ஆனால் அதே ஆய்வில், மரபு சொல்லும் புள்ளிகளைத் தவிர்த்து, வேறு இடங்களில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும், திருகாமல் ஊசி செருகப்பட்ட மூன்றாவது குழுவிலும் 44.2 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. எனவே, புள்ளி எது என்பதைவிட, அரை மணி நேரம் படுத்து ஒருவரின் கவனிப்பில் இருப்பதும் எதிர்பார்ப்புமே பெரும்பங்கு வேலை செய்தன என்று எனக்குத் தோன்றுகிறது (உயிராற்றல் ஓடுவதாக அக்குபஞ்சர் மரபு சொல்லும் பாதைகளின் படமான மெரிடியன் வரைபடத்தை மனப்பாடம் செய்தவர்கள் கோபிக்க வேண்டாம்).

மாத்திரையும் குறையற்றதல்ல. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். கிருமி நீக்கிய ஊசியால் பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவோ கன்றலோதான் ஏற்படும். ஆகவே வயிற்றுப் புண் உள்ளவர் அக்குபஞ்சரை முயன்று பார்ப்பதில் தவறில்லை. கால் மரத்து, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் மட்டும், இரண்டையும் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.