கண்ணாடி மாத்தியாச்சு, கேமராவுக்கு முத்திரை யார் போடுவா?

காரின் முன்கண்ணாடி மாற்றிய வேலைக்கு 5க்கு நாலரை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்குக் காலிபிரேஷன், அதாவது நேராகப் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்யும் வேலை, செய்த தம்பிக்கு முழுசாக 5. அந்தத் தம்பியிடம் காரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் பட்ட பாட்டுக்கு, ரிசப்ஷனிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் சேர்த்து 2. ஒரே சர்வீஸ் சென்டருக்கு மூன்று மார்க் வருவதால், ஸ்டாரை மட்டும் அமுக்கிவிட்டு நகர மனசு வரவில்லை. பேர் போடவில்லை. போட்டால் முதலில் மெமோ வாங்கப்போவது அந்தத் தம்பிதான்.

நான் மன்னார்குடிக்காரன், எடை மேடை நடத்துகிறேன். கார் 1500 சிசிக்குள் வரும் டீசல் எஸ்யூவி, அடாஸ் (கேமரா ரோட்டைப் பார்த்து எச்சரித்து, தேவைப்பட்டால் தானாக பிரேக் போடும் வசதி) உள்ள டாப் மாடல். சம்பா அறுவடை மும்முரத்தில், வடுவூர் தாண்டித் தஞ்சாவூர் போகும்போது முன்னால் ஒரு ஜல்லி லாரி, தார்ப்பாய் கிடையாது. ஒரே ஒரு கல். ரியர் வியூ மிரருக்குக் கொஞ்சம் கீழே, கேமரா பார்க்கிற இடத்திலேயே வந்து விழுந்தது. எட்டணா அளவுக்குச் சில்லு. வேறு இடமாக இருந்தால் ரெசின் வைத்து அடைத்துவிடலாம். கேமராவுக்கு நேர் எதிரே அடைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் வளைந்து வரும், படம் கோணலாகும். விவரம் தெரிந்த கடைக்காரர் அங்கே கை வைக்க மாட்டார். வெளியே வெயில், உள்ளே ஏசி. சாயங்காலத்துக்குள் விரிசல் டிரைவர் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது.

இன்சூரன்ஸ் பக்கம் சொல்ல அதிகமில்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) இல்லாத பாலிசியிலும் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேலே 2,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். நோ கிளெய்ம் போனஸ் அடிபடுமா என்பதை மட்டும் பாலிசியில் பார்த்துக்கொண்டு கிளெய்ம் போடுங்கள். ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். சர்வேயர் வருவதற்கு முன்பே எஸ்டிமேட்டில் 'காலிபிரேஷன்' என்று தனி வரி ஏறியிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்ததில் கண்ணாடி, பீடிங், பசை, லேபர் எல்லாம் இருந்தது, அந்த ஒரு வரி இல்லை. சேர்க்கச் சொன்னால் "அப்ரூவல் ஆயிடுச்சே சார், இனிமே ஏத்த முடியாது" என்றார்கள். அந்தப் பணம் என் கைக்காசு.

கண்ணாடி மாற்றிய இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள். பழைய பசையைக் கம்பி போட்டு அறுத்து, பாடியில் மெல்லிசாக ஒரு படலம் மட்டும் விட்டு, சுரண்டிய இடத்தில் பிரைமர் தடவி, புதுப் பசையை ஒரே சீராக முழுச் சுற்றும் விட்டார்கள். வந்த கண்ணாடி சரியான கண்ணாடிதானா என்று நானும் பார்த்தேன். மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 2553 என்ற எண், மேலே கேமரா பிராக்கெட், கறுப்புப் பட்டைக்கு நடுவே கேமராவுக்கு விட்ட ஜன்னல் எல்லாம் இருந்தது. அடாஸ் இல்லாத மாடலுக்கான கண்ணாடியும் அளவில் அப்படியே பொருந்திவிடும், பிராக்கெட்டும் ஜன்னலும் மட்டும்தான் மாறும், அதனால் வந்திருப்பது அடாஸ் மாடலுக்கான கண்ணாடிதானா என்று கேட்டுப் பாருங்கள். பசை இறுகும் வரை கதவை அறைந்து சாத்தக் கூடாது, ஒரு கதவுக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்க வேண்டும், பிரஷர் வாஷ் ஆகாது என்று அவர்களே சொன்னார்கள். அரை மார்க் குறைத்தது, ஏசியைப் போட்டதும் டேஷ்போர்டு ஓட்டையிலிருந்து என் மடியில் கொட்டிய கண்ணாடித் தூளுக்கு.

டெலிவரி எடுக்கும்போது காலிபிரேஷன் எங்கே என்று கேட்டேன். அட்வைசர் இக்னிஷனைப் போட்டு மீட்டரைக் காட்டினார். "ஒரு வார்னிங் லைட் கூட வரல பாருங்க சார். லைட் வந்தாதான் செய்யணும். பழைய கேமராவையே கழட்டி மாட்டியிருக்கோம், அப்புறம் என்ன?"

இந்தப் பேச்சு எனக்குப் புதுசில்லை. என் மேடையிலும் டிஸ்பிளே நாள் முழுக்க எரிந்துகொண்டுதான் இருக்கும். லாரி ஏறினால் ஏதோ ஒரு கிலோ காட்டும். மேடைக்கு அடியில் எடையை உணரும் ஒரு லோட் செல்லில் மழைத்தண்ணி இறங்கியிருந்தாலும் காட்டும். காட்டுகிற எண் சரியா என்று மேடைக்கே தெரியாது. அதற்குத்தான் 12 மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து, எடை தெரிந்த கல்லை ஏற்றிப் பார்த்து முத்திரை போடுகிறார். சர்டிபிகேட் சுவரில் தொங்க வேண்டும், நெல் கொண்டுவந்த விவசாயி எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். கேமரா செத்துப்போனாலோ வயர் விட்டுப்போனாலோ லைட் எரியும். நூலளவு திரும்பி உட்கார்ந்திருந்தால் லைட் எரியும் என்று நம்பிக் காரை ஓட்ட முடியாது.

நூலளவு என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்குக் கணக்கு. கேமரா 1 டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தள்ளி அதன் பார்வை ஒன்றே முக்கால் மீட்டர் விலகும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். பாதி லேன் போச்சு. நமக்கு நேர் முன்னால் போகிற கரும்பு லோடு பக்கத்து லேனில் போவதாகவும், பக்கத்து லேன்காரன் நம் முன்னால் இருப்பதாகவும் கார் நினைத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் சும்மா வரும், சும்மா வர வேண்டிய இடத்தில் நடுரோட்டில் பிரேக் அடிக்கும். பின்னால் டவுன் பஸ் வந்தால் தீர்ந்தது. கேமரா பழையதாக இருக்கலாம், அது ஒட்டிக்கொண்டிருக்கிற பிராக்கெட்டும் எட்டிப் பார்க்கிற கண்ணாடியும் புதுசு. எனக்கு அறிகுறியும் தெரிந்தது. வல்லம் பக்கம் நான்கு வழியில் லேன் அசிஸ்ட் (வண்டியை லேன் கோட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கும் வசதி) போட்டால், வண்டி நடுவில் நிற்காமல் இடது கோட்டை உரசிக்கொண்டே போனது. கண்ணாடி உடைவதற்கு முன் அப்படிப் போனதில்லை.

மேனேஜரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கண்ணாடி மாற்றினால் காலிபிரேஷன் வேண்டாம் என்று உங்கள் சர்வீஸ் மேனுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதைக் காட்டுங்கள், போய்விடுகிறேன். பக்கம் வரவில்லை. டீ வந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையும் வந்தது: "இங்க டார்கெட் கிட் இல்ல சார், திருச்சி பிராஞ்ச்லதான் இருக்கு." காலிபிரேஷனுக்குக் கேமரா முன்னால் நிறுத்தும் பலகை செட்தான் அந்தக் கிட். இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னொரு மார்க் போட்டிருப்பேன்.

திருச்சியில் இருந்த டெக்னீஷியன் தம்பிக்கு வேளாங்கண்ணிப் பக்கம். வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, டிக்கியைத் திறந்தான்.

"என்னண்ணே இதெல்லாம்?"

மேடையின் மூலையைச் சரிபார்க்க நான் வைத்திருக்கும் 20 கிலோ எடைக்கல், நான்கு.

"இறக்கிரணும்ணே. பின்னாடி வண்டி உக்காந்தா மூக்கு மேல தூக்கும். கேமரா வானத்தைப் பாத்துட்டு, இதுதான் நேர்னு நெனச்சிக்கும்."

இரண்டை அவனே தூக்கி வைத்தான். அந்த நிமிஷமே எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரைப் பார்த்து நான்கு டயருக்கும் காற்று. வீல் அலைன்மென்ட் பார்த்த தாளைக் கேட்டு வாங்கினான். வண்டியே கோணலாக ஓடினால் அந்தக் கோணலுக்குத்தான் கேமராவும் பழகும் என்பதால் அலைன்மென்ட் முதலில், காலிபிரேஷன் பிறகு. இக்னிஷன் ஆனில் நெடுநேரம் நிற்பதால் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டினான். கண்ணாடியின் கேமரா ஜன்னலை உள்ளும் புறமும் துடைத்தான்.

அடுத்து அவன் எடுத்தது கொத்தனார் தூக்குக்குண்டு. முன் லோகோவின் நடுவிலிருந்து ஒன்று, பின் லோகோவிலிருந்து ஒன்று தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி. இரண்டையும் சேர்த்து நூல் அடித்து, அந்தக் கோட்டைக் காருக்கு முன்னால் நீட்டினான். மேனுவலில் போட்டிருக்கும் தூரத்தை டேப்பில் அளந்து டார்கெட் ஸ்டாண்டை நிறுத்தினான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை, அதன் உயரத்துக்கும் தனி அளவு. லேசரை அடித்து நடுவைப் பிடித்த பிறகும் இரண்டு முன் சக்கரத்திலிருந்தும் பலகையின் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாக அளந்தான். ஒரு பக்கம் ஒரு விரல் கூட இருந்தது. முணுமுணுக்காமல் ஸ்டாண்டை நகர்த்தி, எல்லா அளவையும் முதலிலிருந்து எடுத்தான்.

ஸ்கேனரைக் காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகி ஓட்டினால், ஃபெயில். எதையும் அசைக்காமல் நிமிர்ந்து பார்த்தான். ரோலிங் ஷட்டர் இடுக்கு வழியாக வெயில் பட்டை ஒன்று பலகை மேல் குறுக்கே விழுந்திருந்தது. ஷட்டரை இறக்கி மறுபடி ஓட்டினான், பாஸ்.

என் காருக்கு அதோடு முடியவில்லை, ரோட்டிலும் ஓட்ட வேண்டும். சில கம்பெனிகளுக்குப் பலகை மட்டும் போதும், சிலதுக்கு ரோடு மட்டும், சிலதுக்கு இரண்டும். ஸ்கேனர் மாட்டியபடியே துவாக்குடி தாண்டித் தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையில் ஓட்டினோம். "வேகமும் வேணும், கோடும் வேணும்ணே. உங்க ஊர் ரோட்டுல இதை எப்படி முடிக்கிறது?" என்று சிரித்தான்.

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டில் பாதி நெல் காயும். ஓரத்து வெள்ளைக் கோடு நெல்லுக்கு அடியில், நடுக்கோடு பெயின்ட் அடித்தபோது இருந்திருக்கலாம். அதனால் மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் சுற்றுக்குள் லேன் அசிஸ்டை நான் அணைத்துத்தான் வைப்பேன். முன்மோதல் எச்சரிக்கையை மட்டும் அணைப்பதில்லை. பின்னால் ஒரு சிவப்பு லைட் கூட இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிரெய்லர், மார்கழிப் பனியில் அறுவடை மெஷினைச் சுமந்து நிற்கும் லாரி என்று ராத்திரியில் என்னென்ன இருக்கும் என்று இங்கே ஓட்டுபவருக்குத் தெரியும். பனியில் நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியாது, இருந்தாலும் தூக்கம் சொக்குகிற நேரத்தில் ஒரு பீப் சத்தம் கூடுதல் ஆள்தான். ரோடு மோசம், இங்கே அடாஸ் எதற்கு என்று சொல்லிக் காலிபிரேஷனைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தானாக பிரேக் போடும் வேலையை மெனுவில் அணைக்காதவரை, அந்தக் கேமரா மன்னார்குடி ரோட்டிலும் பிரேக் போடத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

2021ல் எம்ஜி ஆஸ்டர், எக்ஸ்யூவி700 என்று வந்தபோது இது பெரிய வண்டிக்காரர் விவகாரமாக இருந்தது. 2024 டிசம்பரில் ஹோண்டா அமேஸிலேயே வந்துவிட்டது. தஞ்சாவூர், கும்பகோணம் சர்வீஸ் சென்டர்களில் இந்த வேலை வாராவாரம் வரப்போகிறது, பலகையும் சமதளமான ஒரு கொட்டகையும் ஏற்பாடு பண்ணிக்கொள்வது நல்லது.

2 மார்க்குக்கு இன்னொரு காரணம் ரிப்போர்ட். கண்ணாடி மாற்றும் முன் ஸ்கேன், மாற்றிய பின் ஸ்கேன், காலிபிரேஷன் பாஸ் ஆன பக்கம் மூன்றிலும் சேஸிஸ் நம்பரும் தேதியும் இருக்க வேண்டும். "கஸ்டமருக்குக் குடுக்கற வழக்கமில்ல சார்" என்றார்கள். பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் பிரின்டர் வேலை செய்தது. முன் ஸ்கேன் எடுக்கவே இல்லை, அதனால் இரண்டு தாள்தான் கிடைத்தது. இரண்டையும் ஆர்சி புக்கோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏதாவது மோதல் என்று வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

வேலைக்கு வாங்கிய கூலி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. கண்ணாடி விலையில் சின்னப் பங்குதான், அரை நாள் ஒரு ஆள் தரையில் மண்டி போட்டு அளந்ததற்கு நியாயம். இப்போது வல்லம் மேட்டில் வண்டி இரண்டு கோட்டுக்கும் நடுவே போகிறது.

இன்னும் சில்லறை விஷயங்கள். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக் போய்விடும், உரித்தால் கிழியும்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டோலுக்குப் போகும் முன் பேங்கில் சொல்லி மாற்று டேக் வாங்கிவிடுங்கள். ஒட்டும்போது மிரருக்குப் பின்னால் என்று பழக்க தோஷத்தில் கேமரா ஜன்னல் மேல் ஒட்டிவிடாதீர்கள். ஆயுத பூஜைக்கு முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைக்கிற வீட்டம்மாக்களிடம் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் பொட்டு இப்போது பானட்டுக்கு இறங்கிவிட்டது. பம்பர் அடிபட்டாலோ சஸ்பென்ஷன் வேலை பார்த்தாலோ காலிபிரேஷன் வேண்டுமா என்று இதே கேள்வியை மறுபடி கேளுங்கள், ரேடார் வைத்த வண்டியென்றால் அதற்குத் தனிச் சரிபார்ப்பு உண்டு.

போவதற்கு முன் ஃபோன் போட்டு, கிட் அன்றைக்கு பிராஞ்சில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கிட் ஊர் ஊராகச் சுற்றுகிறது. மதியத்துக்கு மேல் ஷட்டர் பக்கம் வெயில் வருகிறது, காலை ஸ்லாட் கேளுங்கள். டிக்கியைக் காலி பண்ணிக்கொண்டு போங்கள்.